செலவும் செலவும்

பழந்தமிழில் ‘செலவு’ என்றால் பயணம். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் கண்ணீரைக் கண்டு பயணத்தை நிறுத்திக்கொள்வதைச் ‘செலவழுங்கல்’ என்றனர் நம் முன்னோர். இன்றோ செலவு என்றதும் நம் நினைவில் எழுவது கையை விட்டுப் போகும் பணமே. இந்த இரண்டு பொருளும் ஒன்றோடொன்று மோதுமிடம் நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுக் கூடம். அன்றைய தலைவன் கண்ணீரைக் கண்டு செலவழுங்கினான். இன்றைய குடும்பத் தலைவர் கணக்கைக் கண்டு செலவழுங்குகிறார். வேறுபாடு அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மோதல் நடந்தது. நாங்கள் சிவகங்கைச் சீமையிலிருந்து பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்தவர்கள். தந்தையார் செகந்தராபாத்தில் சிறு டிபன் கடை நடத்துகிறார். அப்பத்தா, அம்மா, இப்போது ஐந்தாம் வகுப்பில் படிக்கும் தங்கை, நான் என ஐவர். சிங்கப்பூரில் செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்பது தங்கையின் நெடுநாள் ஆசை. சென்ற ஆண்டு நான் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன். அந்தக் கணக்கில் நான் கற்றவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம்மில் பலர் வீட்டிலும் இதே ஆசை இருக்கும். இதே அச்சமும் இருக்கும்.

முதலில் இத்தகைய பூங்கா எதை விற்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். 1955ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து அனகைம் நகரில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. தொடக்க காலத்தில் நுழைவுக் கட்டணம் தனி, ஒவ்வொரு சவாரிக்கும் கட்டணம் தனி. 1982இல் அம்முறையைக் கைவிட்டு, ஒரே சீட்டில் எல்லாச் சவாரியும் என்று மாற்றினர். இன்று பெரும்பாலான பூங்காக்களில் இம்முறைதான். ஆகவே நாம் விலைக்கு வாங்குவது சவாரியை அன்று, ஒரு பகற்பொழுதை. அந்தப் பொழுதைத் தின்பது வரிசை. கூட்டம் நிறைந்த நாளில் நான்கு சவாரி ஏறினாலும், கூட்டம் குறைந்த நாளில் பத்துச் சவாரி ஏறினாலும் நாள் ஒன்றுதான் கழிகிறது. எந்த நாளில் போகிறோம் என்பதே சிக்கனத்தின் முதற்படி.

சிங்கப்பூரில் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை இருமுறை வருகிறது: சூன் திங்களில் ஒன்று, நவம்பர் பிற்பகுதி தொடங்கித் திசம்பர் முடிய மற்றொன்று. அவ்விரு காலத்தையும் தவிர்க்க வேண்டும். நவம்பர் முதல் சனவரி வரை அங்கே மழையும் மிகுதி. தெலங்கானாவின் தசரா விடுமுறை நமக்கு வாய்ப்பான காலம். தங்கைக்குப் பள்ளி இல்லை. அங்கே நீண்ட விடுமுறை இல்லை. தீபாவளிக்கு முந்திய வாரங்களாயின் சிராங்கூன் சாலையின் விளக்கு அலங்காரத்தையும் காசின்றிக் காணலாம். பூங்காவுக்குச் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கதவு திறக்குமுன் வாயிலில் நின்றால், வரிசையில் நில்லாமல் முன்செல்லக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் சீட்டு தேவையில்லை.

இனி கணக்கு. அறிவியல் மாணவன் என்பதால் செலவுகளை மூன்று இனமாகப் பிரித்துக்கொண்டேன். ஆளுக்கு ஒருமுறை மட்டும் ஆவது ஓரினம்: கடவுச்சீட்டு, விசா, விமானம், நுழைவுச்சீட்டு. இரவுக்கு ஒருமுறை ஆவது இரண்டாம் இனம்: அறை வாடகை. ஆளுக்கும் நாளுக்கும் சேர்த்துப் பெருகுவது மூன்றாம் இனம்: உணவும் ஊர்ப் போக்குவரத்தும். சிங்கப்பூர் வெள்ளிக்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். விலைகள் மாறும், ஆனால் கணக்கிடும் முறை மாறாது.

முதலில் ஐந்து நாள், நான்கு இரவு என்று திட்டமிட்டேன். ஐவருக்கும் விமானம் 1,00,000 ரூபாய், விசாவும் முகவர் கூலியும் 15,000, இரண்டு சிறிய அறைகள் 64,000, நாளொன்றுக்கு ஆளுக்கு 30 வெள்ளி வீதம் உணவும் போக்குவரத்தும் 52,500, கடவுச்சீட்டு 7,000. பூங்காச் சீட்டு பெரியவருக்கு 85 வெள்ளி, சிறுமிக்கு 63 வெள்ளி என்று மதிப்பிட்டேன். இவற்றைக் கூட்டிப் பார்த்த தந்தையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “பூங்காவுக்கு நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நானும் அப்பத்தாவும் வாசல்லயே உக்காந்திருக்கோம்.”

அவர் அப்படிச் சொன்னது எனக்கு வியப்பாக இல்லை. ஆண்டுதோறும் சனவரியில் நாம்பள்ளித் திடலில் நடக்கும் நுமாயிஷ் பொருட்காட்சிக்கு எங்களை அழைத்துச் செல்வார். நாங்கள் இராட்டினத்தில் சுற்றும்போது எங்கள் செருப்புகளையும் பையையும் பிடித்துக்கொண்டு கீழே நிற்பார். மேலிருந்து பார்த்தால் கூட்டத்தில் அவர் தலை மட்டும் தெரியும். இராட்டினம் ஏற அவருக்கு விருப்பமில்லை என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன். ஒரு சீட்டின் விலைதான் காரணம் என்பது எனக்குப் பின்னாளில் விளங்கியது. நான்காயிரம் ரூபாய்க்கும் ஐயாயிரம் ரூபாய்க்கும் இடையில் அலைந்து கணக்குப் பார்க்கும் வீடுகளில் இப்படி ஒருவர் கீழே நிற்பது வழக்கமாகிவிடுகிறது. கடல் கடந்து போயும் அவர் வாசலில் அமர்வதானால், அந்தப் பயணம் எதற்கு?

அன்றிரவு கணக்கை மீண்டும் புரட்டினேன். மூவருக்கு மட்டும் சீட்டு வாங்கினால் ஆவது சுமார் 16,300 ரூபாய்; மொத்தச் செலவு 2,54,800. அதாவது, எந்த இடத்தில் சிக்கனம் செய்யத் தந்தையார் தம்மையே கழித்துக்கொண்டாரோ, அந்தப் பகுதி நூற்றுக்கு ஏழுகூட இல்லை! அப்பத்தாவும் அவரும் வெளியே அமர்வதால் மிஞ்சுவது 11,900 ரூபாய். ஓர் இரவைக் குறைத்தாலோ அறையில் 16,000, உணவிலும் போக்குவரத்திலும் 10,500, ஆக 26,500 ரூபாய் மிஞ்சும். கடை ஒருநாள் கூடுதலாகத் திறந்திருப்பதன் வரும்படி வேறு. நான்கு நாள், மூன்று இரவு என்று சுருக்கி, ஐவருக்கும் சீட்டு வாங்கினால் மொத்தம் 2,40,200 ரூபாய்தான். எல்லோரும் உள்ளே, செலவோ முன்னதிலும் 14,600 குறைவு.

இதுதான் நான் கண்ட பாடம். நாம் சிக்கனத்தை எப்போதும் கண்ணுக்குத் தெரியும் சீட்டில் தேடுகிறோம். அது ஒளிந்திருப்பதோ தேதியிலும் இரவுகளிலும். ஆளைக் குறைக்காதீர்கள், நாளைக் குறையுங்கள்.

மூன்று இரவில் என்ன பார்ப்பது என்று கேட்கலாம். பூங்காவுக்கு ஒரு பகல் போதும். மற்றவை பெரும்பாலும் காசில்லாதவை. 1859இல் நிறுவப்பட்ட தாவரவியல் தோட்டத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. 2012இல் திறக்கப்பட்ட வளைகுடாத் தோட்டத்தில் மாபெரும் செயற்கை மரங்களின் மாலைநேர ஒளிக்காட்சியும் இலவசமே. சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து அருவி விழுகிறது. ஊர் திரும்பும் நாளில் அதைக் கண்டுவிடலாம். செந்தோசாவின் கடற்கரைகளும் அப்படியே.

தங்குமிடம் லிட்டில் இந்தியாவில் அமைந்தால் நல்லது. தமிழ் பேசிச் சாப்பிடலாம். டெக்கா சந்தையில் விலையும் தாளும். அங்கிருந்து ஊதா நிறத் தடத்து ரயிலில் ஏறினால் மாறாமல் ஹார்பர்பிரண்ட் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து தீவுக்குச் செல்லும் சிறு ரயிலுக்கு ஆளுக்கு 4 வெள்ளி. பக்கத்திலுள்ள நடைபாதையில் கால்மணி நேரம் நடந்தால் ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். ஆளுக்கொரு பாட்டில் எடுத்துச் சென்றால் போதும். தமிழ் அந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. பலகையில் நம் எழுத்தைக் கண்டால் அப்பத்தாவுக்குப் பாதி அச்சம் போய்விடும்.

புலம்பெயர்ந்த நமக்கென்றே ஒரு வழியும் உண்டு. சிங்கப்பூருக்கு ஐதராபாத்திலிருந்து மட்டுமன்றித் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் நேரடி விமானங்கள் உள்ளன. ஆண்டுக்கொருமுறை ஊருக்குப் போகும் ரயில் செலவு நமக்கு எப்படியும் இருக்கிறது. அந்தப் பயணத்தோடு இதையும் பிணைத்து, இரு ஊரின் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தே சீட்டு வாங்க வேண்டும். குறைந்த கட்டண விமானங்களில் பெட்டிக்குத் தனிப்பணம். மூன்று இரவுக்குக் கைப்பையே போதும்.

தாள் வேலைகளைப் பற்றிச் சில. முதலில் கடவுச்சீட்டு, பிறகே விமானச்சீட்டு. 36 பக்கக் கடவுச்சீட்டுக்குப் பெரியவருக்கு 1,500 ரூபாய், 18 வயது நிரம்பாதவருக்கு 1,000 ரூபாய். 60 வயது கடந்தவர் புதிதாக எடுத்தால் நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடி. தமிழராகிய நமக்கு முதலெழுத்து ஒரு தொல்லை. ஓர் ஆவணத்தில் எழுத்து மட்டும் இருக்கும். மற்றொன்றில் தந்தை பெயர் முழுதும் விரிந்திருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக்கியபின் விண்ணப்பியுங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடியே விமானச்சீட்டிலும் பெயர் இருக்கட்டும். சிங்கப்பூர் செல்லக் கடவுச்சீட்டு இன்னும் ஆறு திங்களாவது செல்லுபடியாக வேண்டும். விசாவுக்கு அரசுக் கட்டணம் 30 வெள்ளி; அங்கீகாரம் பெற்ற முகவர் வழியே விண்ணப்பிக்க வேண்டும். இறங்குமுன் மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், அதற்குப் பணம் கேட்பவர் அரசினர் அல்லர். பயண நிறுவனத்தின் தொகுப்பில் சென்றால் முன்வரி பிடிப்பார்கள். வருமானவரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம்.

மூட்டை கட்டும்போது அம்மாமாரை எச்சரியுங்கள்: மசாலாவுக்கென்று கசகசா எடுத்துச் செல்லக் கூடாது, சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள். வெற்றிலையோடு போடும் புகையிலையும் அவ்வாறே.

குழந்தையின் உயரத்தைச் சுவரில் அளந்துகொள்ளுங்கள். அப்பூங்காவில் மம்மி சவாரிக்கு 122 சென்டிமீட்டரும், கேலக்டிகா இரட்டைத் தடச் சவாரிக்கு 125 சென்டிமீட்டரும் வேண்டும். இரண்டு விரற்கடைக் குறைவால் அங்கே போய் அழுவதைவிட இங்கேயே தெரிந்துகொள்வது நன்று. நான்கு முதல் 12 வயது வரை சிறுவர் கட்டணம். 13 ஆனால் பெரியவர்.

ஒத்திகையும் வேண்டும். அதற்கு நம்மூரிலேயே இடமிருக்கிறது. 1996இல் தொடங்கிய ராமோஜி திரைப்பட நகருக்கு ஒருநாள் போனோம். அப்பத்தா எவ்வளவு தூரம் நடப்பார், எப்போது அமர வேண்டும், தங்கை எதற்கு அஞ்சுவாள் என்பதெல்லாம் அங்கே தெரிந்தது. அப்பத்தா நண்பகல் வரை நன்றாக நடந்தார். பிறகு நிழல் தேடினார். ஆகவே செந்தோசாவில் பிற்பகலை அரங்கக் காட்சிகளுக்கென்று ஒதுக்கிவிட்டோம்.

கடைசியாக, கடன் வாங்கிப் பயணம் போகாதீர்கள். ‘இன்று செல்க, நாளை கட்டுக’ என்று அழைக்கும் விளம்பரங்கள் பல. நான்கு நாள் மகிழ்ச்சிக்காக ஈராண்டு தவணை கட்டுவதைவிட, ஈராண்டு தவணை கட்டிவிட்டு நான்கு நாள் கவலையின்றி மகிழ்வது மேல். சுமார் 2,40,000 ரூபாயோடு, காப்பீட்டுக்கும் எதிர்பாராதவற்றுக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 2,64,000. மாதம் 10,000 வீதம் வங்கியில் 25 தவணை கட்டினால் வட்டியோடு அது கைக்கு வரும். என் உதவித்தொகையிலும் மாலைநேர டியூஷனிலும் ஒரு பங்கு, கடை வரும்படியில் ஒரு பங்கு என்று இதுவரை பதினொரு தவணை கட்டியாகிவிட்டது. அடுத்த ஆண்டுத் தசராவுக்குள் எல்லாம் முடியும்.

புதிய கணக்கைக் காட்டியபோது தந்தையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டுமுறை கூட்டிப் பார்த்தார். தவறு ஒன்றும் அகப்படவில்லை. “சரி, செருப்பை யார் பிடிச்சுக்கிறது?” என்று கேட்டார். அங்கே பொருள் வைக்கப் பெட்டகம் இருக்கிறது என்றேன். அப்பத்தா வெற்றிலையை மென்றபடி, “அதுக்கும் காசு கேப்பான், கணக்குல சேர்த்துக்க” என்றார்.

சேர்த்துக்கொண்டேன்.