முப்பது பவுண்டுக்கு ஒரு குரல்

1960-களின் நடுப்பகுதியிலிருந்து 1970-களின் இறுதி வரையிலான காலத்தை மேற்கத்திய ராக் இசையின் பொற்காலம் என்பர். அக்காலப் பாடல்கள் இன்றும் உலகெங்கும் கேட்கப்படுகின்றன. திரைப்படங்களிலும் விளம்பரங்களிலும் ஒலிக்கின்றன. ஒரு பாடல் ஐம்பது ஆண்டுகள் கடந்தும் வருவாய் ஈட்டுகிறது என்றால், அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. பொருளாதாரம் கற்பித்தவன் நான். இப்பாடல்களைக் கல்லூரி விடுதி நாள்களில் ஒலிநாடா தேயத்தேயக் கேட்டவனும்கூட. எனக்கு மிகவும் பிடித்த சில பாடல்களைக் கொண்டே இக்கேள்வியை ஆராய விழைகிறேன்.

முதலாவது, பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'. 1973 மார்ச்சில் வெளியான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தட்டின் முதல் பக்கம் இப்பாடலோடு நிறைவடைகிறது. மரணத்தைக் கருப்பொருளாகக் கொண்ட இதில் பாடப்படும் சொல் ஒன்றுகூட இல்லை. ரிச்சர்ட் ரைட்டின் பியானோ அமைதியாகத் தொடங்க, ஒரு பெண்குரல் எழுகிறது, கதறுகிறது, பின்னர் மெல்லத் தணிந்து அடங்குகிறது. சாவை எதிர்த்துப் போராடி இறுதியில் அதை ஏற்றுக்கொள்ளும் மனத்தை இவ்வளவு துல்லியமாக வேறெந்தப் பாடலிலும் நான் கேட்டதில்லை.

அக்குரலுக்கு உரியவர் கிளேர் டோரி. ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸின் பரிந்துரையால் 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் ஆபி ரோடு கூடத்துக்கு அழைக்கப்பட்டார். பாட வேண்டிய மெட்டு எதையும் குழுவினர் அவருக்கு எழுதித் தரவில்லை. தம் குரலையே ஓர் இசைக்கருவியாக எண்ணிக்கொண்டு அந்தக் கணத்தில் தோன்றியதைப் பாடினார். விடுமுறை நாள் என்பதால் இரட்டிப்புக் கூலியாக முப்பது பவுண்டு பெற்றுக்கொண்டு வீடு திரும்பினார். அந்த இசைத்தொகுப்போ 1973 முதல் 1988 வரை அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மொத்தம் 741 வாரங்கள் இடம்பெற்றது. 2004-இல் டோரி வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டது. அதன் பிறகு வந்த பதிப்புகளில் ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் படைப்பாளராக இடம்பெறுகிறது.

இதில் பொதிந்துள்ள சட்ட நுட்பத்தை விளக்க வேண்டும். ஒரு பாடலில் இருவகை உரிமைகள் அடங்கியுள்ளன. மெட்டையும் சொற்களையும் இயற்றியவருக்கு உரியது ஒன்று; ஒலிப்பதிவுக்கு உரியது மற்றொன்று. பாடலை எவர் பாடினாலும், எந்த வானொலி ஒலிபரப்பினாலும், இயற்றியவருக்குப் பங்கு உண்டு. ஒலிப்பதிவின் வருவாய் நிறுவனத்துக்கும் அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்ட முதன்மைக் கலைஞருக்கும் செல்லும். அன்றாடக் கூலிக்கு வந்து வாசித்தவரும் பாடியவரும் அன்றோடு விடைபெற்றுவிடுவர்.

இதில் என்ன தவறு என்று கேட்கலாம். சுவர் எழுப்பிய கொத்தனார் அவ்வீட்டின் வாடகையில் பங்கு கேட்க முடியுமா? பேசிய கூலியை வாங்கியபின் ஆதாயத்திலும் பங்கு கேட்டால், எவர் முதலீடு செய்ய முன்வருவர்? இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை நட்டத்தில் முடிபவை. அந்த நட்டத்தைக் கூலிக் கலைஞர் ஏற்பதில்லையே! இவ்வாதம் வலுவானது; எளிதில் ஒதுக்கிவிட முடியாதது.

ஆனால், ஒப்பந்தங்கள் எக்காலத்திலும் முழுமை பெற்றவை அல்ல. நாளை நிகழக்கூடிய அனைத்தையும் இன்றே எழுதிவைக்க இயலாது என்பதை ஆராய்ந்த ஆலிவர் ஹார்ட், 2016-இல் பெங்ட் ஹோம்ஸ்ட்ராமுடன் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். டோரியை அழைத்தது பாடுவதற்கு; அவர் செய்ததோ இயற்றுவதும்கூட. வரைபடத்தைப் பார்த்துச் சுவர் எழுப்பிய கொத்தனாரும், வரைபடமே இல்லாத மனையில் தாமே ஒரு மாடத்தை வடிவமைத்துத் தந்த கொத்தனாரும் ஒன்றாகிவிட மாட்டார்கள்.

இரண்டாவது பாடல், 1967-இல் புரோகால் ஹாரம் குழு வெளியிட்ட 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்'. பாக்கின் இசையை நினைவூட்டும் ஆர்கன் ஒலியோடு தொடங்கும் இப்பாடலை அந்தத் தொடக்கத்தைக் கொண்டே எவரும் அடையாளம் காண்பர். அதை வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். ஆனால், படைப்பாளர்களாகப் பதிவானவர்கள் கேரி புரூக்கரும் பாடலாசிரியர் கீத் ரீடும் மட்டுமே. 38 ஆண்டுகள் கழித்து ஃபிஷர் நீதிமன்றம் சென்றார். 2006-இல் உயர் நீதிமன்றம் இசையின் உரிமையில் 40 விழுக்காட்டை அவருக்கு அளித்தது. காலதாமதத்தைக் காரணம் காட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் வருவாய்ப் பங்கை மறுத்தது. 2009-இல் பிரபுக்கள் சபை அதை மீட்டுத் தந்தது. எனினும் கடந்துபோன 38 ஆண்டுகளின் வருவாய் அவருக்குக் கிட்டவில்லை.

மூன்றாவது பாடல் இன்னும் சிக்கலானது. 1969-இல் வெளிவந்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'கிம்மி ஷெல்டர்' பாடலில் மிக் ஜாகருக்கு இணையாக ஒலிப்பது மெர்ரி கிளேட்டனின் குரல். கருவுற்றிருந்த நிலையில், நள்ளிரவில் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைக்கப்பட்டவர் அவர். உச்சத்தில் அவர் குரல் பிசிறும் இடத்தில், போரும் வன்முறையும் சூழ்ந்த ஒரு காலத்தின் அச்சம் முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது. இவர் டோரியைப் போல மெட்டு இயற்றியவர் அல்லர். பிறர் எழுதியதைப் பாடியவர். ஆகவே, இயற்றியவர் என்ற உரிமை இவருக்குக் கிடையாது. அமெரிக்காவிலோ, பண்பலை உள்ளிட்ட வழக்கமான வானொலியில் பாடல் ஒலிபரப்பானால் இயற்றியவருக்கு மட்டுமே ஊதியம். பாடியவர் எவ்வளவு புகழ் வாய்ந்தவராயினும் ஒன்றும் இல்லை.

அர்மென் ஆல்ச்சியனும் ஹெரால்ட் டெம்செட்சும் 1972-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று குழு உற்பத்தியின் இயல்பை விளக்குகிறது. பலர் சேர்ந்து உருவாக்கும் பொருளில் ஒவ்வொருவரின் பங்கையும் பிரித்து அளப்பது கடினம் என்பதே அதன் சாரம். இசைக்குழு இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

அளக்க முடியாததை எப்படிப் பகிர்வது? குயீன் குழுவின் 'போகீமியன் ராப்சடி' 1975-இல் சிறு இசைத்தட்டாக வந்தபோது, அதன் மறுபக்கத்தில் டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லர் எழுதிய பாடல் இருந்தது. மக்கள் வாங்கியது ஃபிரெடி மெர்குரியின் பாடலுக்காக. ஆனால், இசைத்தட்டு விற்பனையில் இயற்றியவருக்குரிய தொகை இருவருக்கும் சமமாகக் கிடைத்தது. இது குழுவில் நெடுங்காலம் பூசலுக்கு வித்திட்டது. இறுதியில், 1989-இல் வெளியான 'தி மிராக்கிள்' தொகுப்பில் பாடல்கள் அனைத்தையும் குயீன் என்ற பொதுப்பெயரிலேயே பதிவு செய்தனர். தி டோர்ஸ் குழுவினர் இதைத் தொடக்கத்திலேயே செய்தவர்கள். 1967-இல் வெளியான 'லைட் மை ஃபயர்' பெரும்பாலும் ராபி கிரீகர் எழுதியது. ஆயினும் குழுவின் பெயரில் வெளியிட்டு, நால்வரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டனர். சமப் பங்கில் துல்லியமான நீதி இல்லாமல் இருக்கலாம். ஆனால், யாருடைய பாடலை வெளியிடுவது என்ற சண்டைக்கு இடமில்லாமல் போகிறது.

குழுவில் உறுப்பினராக இல்லாத கூலிக் கலைஞருக்கு இவ்வழி உதவாது. அங்கேதான் சட்டம் தேவைப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் ஒலிப்பதிவு உரிமைக் காலத்தை 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆக உயர்த்தியபோது ஒரு நிபந்தனை விதித்தது. நீட்டிக்கப்பட்ட ஆண்டுகளில் ஒலிப்பதிவுகளின் விற்பனை வருவாயில் 20 விழுக்காட்டை, ஒரே தொகை பெற்றுக்கொண்டு உரிமையை விட்டுக்கொடுத்த கலைஞர்களுக்காக நிறுவனங்கள் ஒதுக்க வேண்டும் என்பதே அது. பிரிட்டனில் இது 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முதலீட்டாளர் தம் முதலைத் திரும்பப் பெற அரை நூற்றாண்டு அவகாசம் தந்தபின் பகிரச் சொல்வதால், முன்னர் குறிப்பிட்ட நட்ட வாதத்துக்கும் இது விடையளிக்கிறது. என்னைக் கேட்டால், ஐம்பது ஆண்டு என்பது மிக நீண்ட காத்திருப்பு. கூலிக்கு வாசித்தவர்களில் பலர் அதற்குள் மறைந்திருப்பர். முதலீட்டுத் தொகை மீண்டவுடனே பகிர்வு தொடங்குமாறு விதி அமைவதே முறை.

சட்டம் மாறும்வரை, கேட்பவர்களாகிய நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. இசைத்தட்டின் உறையில் வாசித்தவர், பாடியவர் பெயர்களைப் படிக்கும் வழக்கம் முன்பு இருந்தது. கைப்பேசித் திரையில் அது மறைந்துவிட்டது. ஒரு பாடல் நம்மை உலுக்கினால், அந்தக் குரல் யாருடையது என்று தேடி அறிவோம். பிறருக்கும் அப்பெயரைச் சொல்வோம். டோரியும் ஃபிஷரும் கேட்டது பணத்தை மட்டுமன்று, தங்கள் பெயரையும்தான்.