முயல் ஒருவேளை சாப்பிடலைன்னா ஏன் உடனே கவனிக்கணும்? கூண்டில் கிடக்கும் புழுக்கை சொல்லும் சேதி!

வீட்டு நாய் ஒருவேளை சோற்றைத் தொடவில்லை என்றால், 'வயிறு சரியில்லை போல, நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுவோம். பெரும்பாலும் மறுநாள் அது சரியாகியும் விடும். ஆனால், அதே கணக்கை முயலுக்கும் போட்டால் விபரீதம்தான். ராத்திரி சாப்பிடாமல் ஓரமாக உட்கார்ந்திருந்த முயல், காலையில் கூண்டைத் திறக்கும்போது உயிரோடு இருக்காது. 'நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு' என்று வீட்டில் இருப்பவர்கள் புலம்புவார்கள். நிஜமாகவே நேற்று அது நல்லா இருந்ததா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்க, பார்க்கலாம்.

நிற்கவே கூடாத குடல்

மாட்டுக்கு இருப்பதுபோல நான்கு அறை வயிறு முயலுக்குக் கிடையாது. அதற்குப் பதிலாக, சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் சீக்கம் என்ற பெரிய பை இருக்கிறது. நமக்குக் குடல்வால் ஒட்டியிருக்கும் அதே இடம்தான். ஆனால், முயலுக்கு அது வயிற்றின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். அங்குள்ள நுண்ணுயிரிகள்தான் புல்லை நொதிக்கச் செய்து சத்தாக மாற்றுகின்றன. அப்படித் தயாராகும் மென்மையான, பளபளப்பான புழுக்கையை முயல் தன் ஆசனவாயிலிருந்து நேராக வாயில் எடுத்துச் சாப்பிட்டுவிடும். பார்க்க ஒரு மாதிரி இருக்கும். ஆனால், அது நோயல்ல. வைட்டமினும் புரதமும் முயலுக்குக் கிடைக்கும் வழி அது. தடுக்க வேண்டாம்.

இந்தக் குடல் ஓடிக்கொண்டே இருக்க, நார்ச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாடு நின்றால் குடலின் அசைவு மந்தமாகிறது. உள்ளே இருப்பது நீர் வற்றி இறுகுகிறது, வாயு சேர்கிறது, வயிறு வலிக்கிறது. வலிப்பதால் முயல் சாப்பிடாது, சாப்பிடாததால் குடல் இன்னும் மந்தமாகும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு சேரத் தொடங்கும். குண்டு முயல்களுக்கு இந்த ஆபத்து அதிகம். இந்த நிலையைத்தான் கால்நடை மருத்துவர்கள் 'ஜிஐ ஸ்டேசிஸ்' என்கிறார்கள். 8 முதல் 12 மணி நேரம் வரை ஒரு முயல் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் அது அவசர சிகிச்சைக்கான நேரம். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

தட்டைப் பார்த்தால் மட்டும் போதாது

முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. சோர்ந்து கிடப்பது வெளியில் தெரிந்தால் உயிர் போய்விடும் என்பதால், வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம். அதனால், முயல் வெளிப்படையாகத் துவண்டு போகும்போது பிரச்னை ஏற்கெனவே முற்றியிருக்கும்.

அதற்கு முன்பே சேதி சொல்வது புழுக்கை. நல்ல நிலையில் உள்ள முயல் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் புழுக்கை போடும். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் உருண்டையாக, உடைத்தால் உள்ளே வைக்கோல் துகள் மாதிரி இருக்கும். அவை சிறுத்துப் போனாலோ, கோணலாக இருந்தாலோ, முடியில் கோத்த மணி மாதிரி தொடர்ச்சியாக வந்தாலோ, குடல் மந்தமாகிறது என்று அர்த்தம். காலையில் கூண்டைச் சுத்தம் செய்யும்போது பெருக்கிக் கொட்டுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்தால் போதும். புழுக்கையே இல்லை என்றால் அன்றைய மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிடலாம்.

இன்னொரு அறிகுறியைப் பலரும் தவறவிடுகிறார்கள். முயல் சாப்பாட்டை முழுசாக ஒதுக்காது; தேர்ந்தெடுத்து ஒதுக்கும். கேரட்டைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், புல்லை மட்டும் தொடாது. 'கேரட் சாப்பிடுதே, நல்லாத்தான் இருக்கு' என்று நாமும் நம்பிவிடுவோம். ஆசையாக ஓடிவந்து வாயில் எடுத்து, மென்று பார்த்துவிட்டுக் கீழே போட்டால் பசி இருக்கிறது, வாய்தான் வலிக்கிறது என்று பொருள். முதுகைக் கூன் போட்டு உட்காருவது, வயிற்றைத் தரையில் அழுத்திப் படுப்பது, நறநறவென்று சத்தம் கேட்கும்படி பல்லைக் கடிப்பது எல்லாமே வலியின் அடையாளம்தான். தடவிக் கொடுக்கும்போது மெல்லப் பல்லை உரசுவது வேறு, அது சந்தோஷம்.

இரண்டு முயல்கள் ஒரே கூண்டில் இருந்தால் எது சாப்பிடவில்லை என்றே தெரியாது. வேறு அறைக்கு மாற்றினால் அந்தப் பதற்றத்திலேயே இன்னொன்றும் சாப்பாட்டை நிறுத்தலாம். நடுவில் ஒரு கம்பி வலை வைத்து, ஒன்றையொன்று பார்க்கும்படி பிரித்தால் உண்மை தெரிந்துவிடும்.

பல்லா, வெயிலா, பட்டாசா?

முதல் சந்தேகம் பல் மீதுதான் வர வேண்டும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேயும். அரைக்க வேலை இல்லையென்றால் கடைவாய்ப்பல் கூர்மையாக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தமிழில் முயல் பற்றிக் கிடைக்கும் தகவல்களில் பெரும்பகுதி இறைச்சிக்கான பண்ணை முயலைப் பற்றியது. சில மாதங்களில் எடை ஏற்றி விற்பதற்கான தீவன முறை அது. வருஷக்கணக்கில் வீட்டில் வாழ வேண்டிய முயலுக்கு அதே அடர்தீவனத்தைக் கொட்டினால் பல்லும் கெடும், குடலும் கெடும். உணவில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாகவோ உலர்புல்லாகவோ இருக்க வேண்டும். பிரெட், பிஸ்கெட், சோறு எதுவும் வேண்டாம்.

அடுத்தது வெயில். முயலுக்கு வியர்க்காது, உடல் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே அதற்குச் சிரமம் ஆரம்பித்துவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் மொட்டை மாடிக் கூண்டு எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். தண்ணீர் பாட்டிலின் முனை அடைத்துக்கொண்டாலும் முயல் சாப்பாட்டைக் குறைத்துவிடும். தீபாவளிப் பட்டாசு, புதிதாக வந்த நாய், திடீரென மாற்றிய தீவனம் எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

முடி உதிரும் காலத்தில் 'வயித்துல முடி அடைச்சிடுச்சு' என்று அன்னாசிச் சாறு ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்தச் சாறு முடியைக் கரைக்காது. குடல் மந்தமாகி நீர் வற்றுவதால்தான் முடி உருண்டையாகிறது என்பதே இன்றைய மருத்துவப் புரிதல். சாற்றில் உள்ள சர்க்கரை நிலைமையை மோசமாக்கவே செய்யும்.

மருத்துவரிடம் போகும் வரை

முதலில் காதைத் தொட்டுப் பாருங்கள். முயலின் இயல்பான உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். காது சில்லென்று இருந்து, முயலும் அசையாமல் இருந்தால், வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். காது கொதித்தால் நிழலுக்கு மாற்றி, காதை ஈரத்துணியால் துடைக்கலாம். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

அலசிய ஈரத்தோடு கொத்தமல்லி, புதினா, அருகம்புல் ஆகியவற்றை முன்னால் வையுங்கள். ஊறவைத்த பெல்லட் கூழை ஊசி இல்லாத சிரிஞ்சில் வாயின் பக்கவாட்டில், துளித்துளியாகக் கொடுப்பதும் உண்டு. ஆனால், வயிறு மத்தளம் போல உப்பி விறைத்திருந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது எதையும் ஊட்டாமல் உடனே கிளம்ப வேண்டும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் அடைப்பா, மந்தமா என்பது தெரியும். மனிதர்களுக்கான வலி மாத்திரையோ, மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கோ கூடவே கூடாது. அமாக்சிசிலின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து முயலே இறந்துபோகலாம். நாய்களுக்கு உண்ணிக்காகப் போடும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு விஷம்.

எல்லா கிளினிக்குகளிலும் முயலைப் பார்ப்பதில்லை. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. முயல் நன்றாக இருக்கும்போதே, பக்கத்தில் யார் பார்ப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி யார் போன் எடுப்பார்கள் என்று விசாரித்து நம்பரைப் பதிந்து வையுங்கள். கிளம்பும்போது அன்றைய புழுக்கையைக் கொஞ்சம் கவரில் எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும். அறுவை சிகிச்சைக்கு முன் நாயைப் பட்டினி போடச் சொல்வது போல முயலை யாராவது பட்டினி போடச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். வாந்தி எடுக்க முடியாத முயலுக்கு அது தேவையில்லை.

சிகிச்சைக்குப் பிறகு முயல் தானாக ஒரு புல்லை இழுத்து மெல்லுவதும், முதல் புழுக்கை விழுவதும் நல்ல சேதி. ஆரம்பத்தில் அது சின்னதாகவும் கோணலாகவும்தான் வரும், பயப்பட வேண்டாம். பல்தான் காரணம் என்றால் ஒருமுறை தேய்த்துவிட்டதோடு முடியாது. சில முயல்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் தேய்க்க வேண்டியிருக்கும்.