ஆழ்கடற் சிறுமீனை அடையாளம் காணல்

கடல்மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரை அடையும் கடல்மீன்கள் பனிக்கட்டிப் பெட்டிகளிலேயே வந்து சேருகின்றன. வகுப்பிற்காக மீன் வாங்கும் ஆசிரியர் அங்குக் காண்பது மங்கிய நிறமே. ஆகையால் நிறத்தை மட்டும் கொண்டு இனத்தைத் துணிதல் ஆகாது. எனினும், நிறத்தைக் குறித்தேயாக வேண்டிய சமயமும் உண்டு. ‘கெலிடோபெர்க்கா’ என்னும் சிறுமீன் இவ்விரண்டையும் தெளிவாக்குகிறது.

இது களவா மீனின் உறவினம். பாறைகளை ஒட்டி வாழும் களவாவைப் போலன்றி, ஒளி குன்றிய ஆழத்துத் தரையில் வாழ்வது. ஒரு சாண் நீளத்திற்கு மேற்படுவது அரிது. இவ்வகைகளுள் ஒன்றை, ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்னும் ஆய்வுக் கப்பலில் பணியாற்றிய ஆல்காக் 1890-இல் விவரித்தார்; அதன் சிற்றினப் பெயர் அக்கப்பலையே நினைவூட்டுகிறது. 1895-இல் பௌலெஞ்சர் இப்பேரினத்தை நிறுவினார். கேரளத்தின் கொல்லம் கடற்பகுதியில் கிடைத்த மற்றொரு சிற்றினம் 2013-இல்தான் விவரிக்கப்பெற்றது. அதன் பெயர் ‘மாகுலிகௌடா’. ‘புள்ளி வால்’ என்பது பொருள்.

இழுவலையில் அகப்படும் இம்மீனை, சங்கரா என்றும் கிளிமீன் என்றும் விற்கப்படும் இளஞ்சிவப்பு ‘நெமிப்டிரஸ்’ மீனாக மயங்குதல் எளிது. துடுப்புகளை எண்ணினால் மயக்கம் தீரும். கெலிடோபெர்க்காவின் முதுகுத் துடுப்பில் 10 முட்களும் 10 மென்கதிர்களும், குதத் துடுப்பில் 3 முட்களும் 6 மென்கதிர்களும் உண்டு. நெமிப்டிரஸ் மீனிலோ முறையே 10, 9, 3, 7. கடைசி மென்கதிர் அடிவரை பிளந்திருப்பினும் அதனை ஒன்றாகவே எண்ணுதல் வேண்டும். செவுள்மூடியின் பின்விளிம்பில் தட்டையான மூன்று முட்கள் இருப்பதும் கெலிடோபெர்க்காவின் அடையாளமாகும்.

எண்ணிக்கை பேரினத்தை மட்டுமே காட்டும். சிற்றினத்தைப் பிரிக்க நிறமும் புள்ளிகளும் தேவை. சிவப்பும் மஞ்சளும் தரும் கரோட்டினாய்டு நிறமிகள் ஆல்கஹாலில் கரைந்துவிடும். கருமை தரும் மெலனின் மட்டும் நிலைக்கும். எனவே மீன் படகில் ஏறியவுடனேயே அளவுகோலுடன் வண்ணப்படம் எடுத்து, நிறத்தை எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர் ஒரு பங்கு பார்மலினுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து, கையுறை அணிந்து பதப்படுத்துதல் முறை. இடம், ஆழம், தேதி ஆகியவற்றைத் தடித்த தாளில் பென்சிலால் எழுதிப் புட்டியினுள்ளேயே இடுக.

விலை போகாத சிறுமீன்கள் கழிவுமீனோடு சேர்ந்து மீன்தூள் ஆலைக்குச் சென்றுவிடுகின்றன. அக்குவியலில் அறியப்படாத இனமொன்று இருப்பின், அதனைப் பிரித்தெடுக்கக் கூடியவர் படகிலோ துறைமுகத்திலோ நிற்கும் பணியாளர் ஒருவரே. ஆசிரியர்கள் கடைச் சங்கராவைக் கொண்டே மாணவர்க்கு எண்ணும் பயிற்சி அளிக்கலாம். ஓர் ஊசியும் உருப்பெருக்குக் கண்ணாடியும் இதற்குப் போதும்.