உறங்கியும் தீராத அயர்வு

"இரவு முழுவதும் தூங்கினேன், ஆயினும் தூங்கினாற் போலவே இல்லை" என்று இருபதிலிருந்து முப்பது வயதுக்குட்பட்ட வாலிபர்களும் பெண்களும் சொல்வதை நம் அங்கத்தினர் குடும்பங்களில் அடிக்கடி கேட்கிறோம். காலையில் எழும்போதே உடல் கனக்கிறது. தறியில் அமர்ந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் கண் சொருகுகிறது. இழை அறுந்ததை அறியாமல் ஒரு சாண் நெய்துவிட்டுப் பிறகு பிரிக்க வேண்டியதாகிறது. வயலிலோ, மடையைத் திறந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தவர், தண்ணீர் அடுத்த வயலுக்குப் பாய்ந்த பின்பே விழிக்கிறார். கூலி குறைகிறது, ஏச்சு மிகுகிறது.

வீட்டுப் பெரியவர்கள் இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பெயரில் ஒரு தீங்கு உண்டு. சோம்பல் என்று முடிவு கட்டியவுடன் காரணம் தேடும் வேலை நின்றுபோகிறது. மடியின்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்து, நோய் இன்னது, அது வந்த காரணம் இன்னது என்று ஆராய்ந்த பிறகே சிகிச்சை செய்யச் சொன்னார். முன்னதைக் காட்டி இளைஞரைக் கடிந்துகொள்பவர்கள் பின்னதையும் ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நலம். சோம்பேறி திருவிழா என்றால் உற்சாகமாய் எழுந்துவிடுவான். அயர்வுற்றவனோ, தான் விரும்பிய காரியத்தையும் செய்ய இயலாமல் தனக்குள் வருந்துகிறான். இந்த வேற்றுமையை வீட்டார் கவனித்தாலே பாதி வழக்குத் தீர்ந்துவிடும்.

இந்த அயர்வை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். உறக்கத்தின் அளவு போதாமல் வருவது ஒன்று. அளவு போதியதாயிருந்தும், அந்த உறக்கம் இடையிடையே குலைவதாலோ, வேறொரு பிணி உடலை அரிப்பதாலோ வருவது மற்றொன்று. முன்னதற்கு வேண்டுவது நேரம். பின்னதற்கு வேண்டுவது மருத்துவர். எது தம்முடையது என்று அறியாமல் கடையில் டானிக் வாங்கிக் குடிப்பதால் பணம் கரைவதைத் தவிர வேறு பயனில்லை.

உறக்கம் என்பது விளக்கை அணைத்தாற் போன்ற ஒரே நிலை அன்று. 1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் விழிகள் சில வேளைகளில் மூடிய இமைக்குள் விரைந்து அசைவதைக் கண்டு வெளியிட்டனர். கனவுகள் பெரும்பாலும் அந்நேரத்தில்தான் தோன்றுகின்றன. ஆழ்ந்த உறக்கமும் இந்தக் கனவுறக்கமும் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக இரவில் நான்கைந்து முறை மாறி மாறி வருகின்றன. முன்னிரவில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. பின்னிரவில் கனவுறக்கம் மிகுதி. உடலும் மூளையும் தேறுவதற்கு இரண்டும் வேண்டும். ஆகவே, எட்டு மணி நேரம் பாயில் கிடந்தவர் எட்டு மணி நேரம் உறங்கினார் என்று சொல்வதற்கில்லை. வயது வந்தோருக்கு நாள்தோறும் குறைந்தது 7 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுக் கருத்து. இளவயதினருக்கு 8, 9 மணி நேரம் தேவைப்பட்டாலும் அது குற்றமாகாது.

நம் பகுதியில் இந்த அளவு எங்ஙனம் குறைகிறது என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. விசைத்தறியில் இரவு ஷிப்டு. கைத்தறியில் தீபாவளிக்கு முன் இரவு பகலாக நெசவு. மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் பயந்து காவல். பூ விளைவிப்போர் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மல்லிகை பறிக்க வேண்டும். காய்கறி விளைவிப்போர் பாவூர்சத்திரம் சந்தைக்கு நேரத்தோடு சேர வேண்டும். இவை பிழைப்புக்கான விழிப்புகள். இவற்றோடு கைப்பேசி என்னும் பிழைப்பற்ற விழிப்பு ஒன்றும் சேர்ந்துகொண்டது.

பதின்பருவத்திலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உறக்கம் வரும் நேரம் இயல்பாகவே பின்தள்ளிப் போகிறது. நம் உடலின் அணுக்கள் ஒவ்வொன்றிலும் பகலிரவைக் கணக்கிடும் ஒரு கடிகாரம் உண்டு. அது இயங்கும் முறையை விளக்கியதற்காகவே ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கண்ணில் படும் வெளிச்சம் அக்கடிகாரத்தைத் திருத்துகிறது. நள்ளிரவில் முகத்துக்கு நேரே ஒளிரும் திரை, 'இன்னும் பொழுது சாயவில்லை' என்று அதற்குப் பொய் சொல்கிறது. இரவு ஷிப்டு முடித்துப் பகலில் படுப்பவருக்கு ஐந்தாறு மணிக்கு மேல் உறக்கம் நிலைக்காததற்கும் அக்கடிகாரமே காரணம். அவர் அறையை இருட்டாக்கிக்கொள்வதும், பகலில் அவரை எழுப்பாதிருப்பது என்று வீட்டார் ஓர் ஒழுங்கு செய்துகொள்வதும் மிக அவசியம்.

"ஆறு மணி நேரம் எனக்குப் பழகிவிட்டது" என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. இதைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டனர். இரண்டு வாரம் தொடர்ந்து நாளுக்கு ஆறு மணி நேரமே உறங்கவிடப்பட்டவர்களின் கவனம், இரவில் கண்ணே மூடாதிருந்தவர்களின் கவனத்தைப் போல் தளர்ந்துபோயிற்று. அதைவிடக் கவனிக்கத்தக்கது, அவர்கள் தங்கள் தளர்ச்சியைத் தாங்களே உணராதிருந்ததாகும். பழகிப்போனது உறக்கக் குறைவு அன்று; தளர்ச்சியே பழகிவிட்டது.

இனி, இருவகை அயர்வில் எது தம்முடையது என்று அறிவதெப்படி? அதற்குத் தென்காசி வட்டாரத்தார்க்கு இயற்கையே ஒரு வாய்ப்பை அளித்திருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலைக் கொண்டுவருகிறது. இரவுகள் குளிர்கின்றன. உறக்கம் கூடுவதற்கு உடலின் வெப்பம் சற்றே தணிய வேண்டும். ஆதலால் சித்திரை வெயிலில் புரண்டு கிடந்தவரும் சாரல் காலத்தில் அயர்ந்து உறங்குகிறார். அசதி தீரக் குற்றாலத்துக்குப் போய் வந்தால் போதும் என்னும் நம்பிக்கை இப்படி வந்ததே. அது முற்றும் பொய்யல்ல, முற்றும் மெய்யுமல்ல. பேரருவியின் குளிர்நீர் தலையில் விழும்போது மூச்சு விரைகிறது, நெஞ்சு படபடக்கிறது, உடல் விழிப்படைகிறது. அந்தத் தெளிவு சில மணி நேரத்துக்கு உண்மையானதே. ஆனால் உறக்கக் கடனை அருவி அடைப்பதில்லை. இரவோடிரவாக வேன் ஏறி வந்து, பின்னிரவு இரண்டு மணிக்கு ஐந்தருவியில் குளித்து, விடியலில் ஊர் திரும்பி அன்றே தறியேறுவோர் கடனைக் கூட்டிக்கொண்டுதான் போகிறார்கள்.

வேலை சற்று ஓயும் ஒரு சாரல் காலத்தில், ஒரு வாரம், இயலுமானால் இரண்டு வாரம், இரவு ஒரே நேரத்தில் படுத்து, அலாரம் வைக்காமல் தானாக விழிக்கும் வரை உறங்கிப் பாருங்கள். முதல் சில நாட்கள் ஒன்பது பத்து மணி நேரம் போனால் திடுக்கிட வேண்டாம். அது பழைய பாக்கி. அதன்பின் காலையில் உடல் இலேசாகி, பகலில் கண் செருகுவது நின்றுவிட்டால் உங்கள் நோய் உறக்கக் குறைவே. அவ்வளவு உறங்கியும் எழும்போது அதே கனம் இருக்குமானால், காரணம் வேறு. அந்நிலையில் இன்னும் உறங்கிப் பயனில்லை.

அந்த வேறு காரணங்களில் நம்மவரிடம் முதலில் தேட வேண்டியது ரத்தசோகை. 2019-21-ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேர் ரத்தசோகை உடையவர்கள். அதாவது, ஒரு தெருவில் தார் சுற்றும் பெண்களில் பாதிப்பேர் என்று கொள்ளலாம். மூச்சுக் காற்றிலுள்ள பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமும் ஆண்களுக்கு 13 கிராமும் குறையாதிருக்க வேண்டும். குறைந்தால், மூட்டை தூக்குவதற்குப் போதிய ஆள் இல்லாத சந்தையைப் போல் உடல் தடுமாறுகிறது. எவ்வளவு உறங்கினாலும் அது ஈடாகாது. மாதவிலக்கில் மிகுதியாக உதிரம் போவதைப் பெண்கள் இயல்பென்று எண்ணிச் சொல்லாதிருக்கிறார்கள். நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை செய்யும் ஆண்களோ மூல ரத்தப்போக்கை வெட்கத்தால் மறைக்கிறார்கள். ஈர மண்ணில் வெறுங்காலோடு உழைப்பவர்க்குக் கொக்கிப்புழு பாதத்தோல் வழியே புகுந்து, குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சுகிறது. மருத்துவர் தரும் சில்லறைக் காசு பெறும் மாத்திரையில் அது ஒழிந்துபோகும். புழுவோடு இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது.

உணவிலும் ஒரு சிறு திருத்தம் உண்டு. சாப்பிட்ட கையோடு தேநீர் பருகுவது, உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. ஒரு மணி நேரமாவது தள்ளிப் பருகலாம். எலுமிச்சைச் சாறோ அதற்கு நேர்மாறாகக் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடல் ஏற்க உதவுகிறது. புளியங்குடி எலுமிச்சை எந்தெந்த ஊருக்கோ லாரியேறிப் போகிறது. விளைவித்தவர் வீட்டு முருங்கைக்கீரையில் நான்கு சொட்டுப் பிழியப்படுகிறதா என்பது நமக்குச் சந்தேகமே. இரும்பு குறைந்தால் உறக்கமே கெடுவதும் உண்டு. படுத்தவுடன் கால்களில் ஏதோ ஊர்வது போலத் தோன்றி, அசைத்தால் தணிந்து, நிறுத்தினால் மீண்டும் வருமானால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்தது குறட்டை. ஆழ்ந்து தூங்குவதன் அடையாளம் என்று நம்மவர் அதை மெச்சுவதுண்டு. உரத்த குறட்டை திடீரென்று நின்று, பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சே இல்லாமலிருந்து, பிறகு திணறலோடு தொடருமானால், தொண்டை அடைபட்டு மூச்சு நிற்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறையும் மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்கிறது. ஓர் இரவில் நூறு முறைகூட இது நிகழலாம். உறங்குபவருக்கு ஒன்றும் நினைவிராது. காலையில் தலைவலியும் வறண்ட வாயும் பகலெல்லாம் தூக்கமுமே மிச்சம். பருத்த உடலினருக்கு இது மிகுதி என்றாலும், ஒல்லியானவர்க்கும் வரும். சிறிய தாடை, பெருத்த டான்சில், ஓயாத மூக்கடைப்பு ஆகியவை இடந்தரும். பஞ்சுத் தூசியில் நிற்போர் மூக்கடைப்பை அலட்சியம் செய்யலாகாது. உறக்கத்தில் மூச்சை அளந்து பார்க்கும் பரிசோதனையால் இதை உறுதி செய்யலாம். எடையைக் குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும் சிலர்க்குப் போதும். மற்றவர்க்கு முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி உண்டு. ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர் 1981-ல் இதை அறிமுகம் செய்தார்.

தைராய்டு சுரப்புக் குறைவு, நீரிழிவு, பி12 வைட்டமின் பற்றாக்குறை, காசம் ஆகியவையும் அயர்வாகவே முதலில் தலைகாட்டக் கூடும். சிரிக்கும்போதோ கோபப்படும்போதோ முழங்கால் துவண்டு, பகலில் அடக்க முடியாத தூக்கமும் வருமானால் அது நார்கோலெப்சி என்னும் அரிய மூளை நோயாக இருக்கலாம். அது இளவயதிலேயே தொடங்குவது.

2012-ல் கடையநல்லூரில் டெங்கு பரவியதை நம் அங்கத்தினர் மறந்திருக்க மாட்டார்கள். டெங்கு, சிக்குன்குனியா, 2020-ல் வந்த கொரோனா போன்ற காய்ச்சல்கள் நீங்கிய பின்பும் பல வாரம், சிலர்க்குப் பல மாதம், அயர்வு நீடிப்பதுண்டு. அது ஆறு மாதத்தைக் கடந்து, உறங்கினாலும் தேறாமல், சிறிது உழைத்தாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடல் அடியோடு சாய்ந்துவிடுமானால், அதைத் தனி நோயாகவே மருத்துவ உலகம் இன்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. அத்தகையவரை, 'வேலை செய்தால் சரியாகும்' என்று நெருக்குவது நோயை வளர்க்கும். மனச்சோர்வும் இவ்வாறே. விடியுமுன் விழித்துக்கொள்வதும், எதிலும் பற்றின்றிப் போவதும், கடனை நினைத்து நினைத்துப் படுக்கையில் கிடப்பதும் பலவீனமல்ல, சிகிச்சைக்குரியவை.

காரணம் தெரியும் வரை சில எச்சரிக்கைகள். கண் சொக்கும்போது இருசக்கர வாகனம் ஓட்டலாகாது. புளியரை, ஆரியங்காவு மலைப்பாதையில் சரக்கு வண்டி ஓட்டுவோருக்கு இதை இருமுறை சொல்லலாம். மதுவருந்தினால் உறக்கம் விரைவில் வரும். ஆனால் பின்னிரவு உறக்கம் குலைந்துபோகும். மருந்துக்கடையில் தாமாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவது அறவே கூடாது. மூச்சுத் தடை உடையவர்க்கு அது ஆபத்து. மாலைக்குப் பின் காப்பி, தேநீர் வேண்டாம். பகல் உறக்கம் இருபது முப்பது நிமிடத்தோடு நிற்கட்டும்.

மருத்துவரிடம் போகுமுன் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில், படுத்த நேரம், எழுந்த நேரம், இடையே விழித்தது, பகலில் கண் செருகிய வேளை ஆகியவற்றை எழுதி வாருங்கள். 'டாக்டர், அசதியாயிருக்கிறது' என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு திரும்ப நேரும். நோட்டைக் காட்டினால் அவர் கேள்வி கேட்பார். ஹீமோகுளோபினும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். மேற்கொண்டு தேவைப்பட்டால் தென்காசி அரசு மருத்துவமனைக்கோ, பாளையங்கோட்டையிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழுதித் தருவார்கள். போகும்போது தாயையோ, மனைவியையோ, கணவரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். இரவில் மூச்சு நின்றதைப் பற்றிச் சாட்சி சொல்லக்கூடியவர் அவர்தாம்.