அடைக்கு வைப்பதா, தெளிய வைப்பதா?

புழக்கடையிலும் மொட்டைமாடியிலும் கோழி வளர்ப்பவர்கள் தள்ளிப்போடக் கூடாத ஒரு முடிவு

“மூணு நாளா கோழி எந்திரிக்கவே மாட்டேங்குது டாக்டர். தீனி எடுக்கல. கிட்டப் போனா கொத்த வருது. கழிச்சலா இருக்குமோ?”

ஆசைக்கு நாலைந்து கோழி வாங்கி மொட்டைமாடியில் விட்டவர்கள் கால்நடை மருத்துவரிடம் இப்படிப் பதறிக்கொண்டு போவதுண்டு. “முட்டை வைக்கிற இடத்துலயா உட்கார்ந்திருக்கு?” என்று மருத்துவர் திருப்பிக் கேட்பார். ஆமாம் என்றால் மருந்துச்சீட்டுக்கு வேலையில்லை. கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. கொங்குப் பக்கத்தில் கேட்டால் ‘அவயத்துக்கு உக்காந்துடுச்சு’ என்பார்கள்.

கிராமத்து வீடுகளில் இதற்கு யாரும் பதறுவதில்லை. கையில் முட்டை சேர்ந்திருக்கிறதா, வெயில் எப்படி, போன தடவை இந்தக் கோழி எத்தனை பொரித்தது என்று வீட்டுப் பெரியவர் யோசித்து, பொழுது சாய்வதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். ஒன்று அடைக்கு வைப்பது, இல்லையென்றால் தெளிய வைப்பது. புதிதாக வளர்ப்பவர்களோ தானாக எழுந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அது வெறும் கூடையில் வாரக்கணக்கில் உட்கார்ந்து இளைக்கிறது. முட்டை வைக்க இடம் கிடைக்காத மற்ற கோழிகள் அதன் மேலேயே ஏறி நெருக்குகின்றன. முட்டை உடைகிறது, சண்டை வருகிறது. அடைக்கோழியால் நஷ்டம் என்று புலம்புகிறவர்களின் கதையை விசாரித்தால், பெரும்பாலும் அது முடிவெடுக்காமல் விட்டதால் வந்த நஷ்டமாகவே இருக்கும்.

உடம்புக்குள் நடப்பது

கூட்டில் முட்டை சேரச் சேர, அதைப் பார்ப்பதும் நெஞ்சால் உரசுவதும் கோழியின் மூளையடிச் சுரப்பியைத் தூண்டுகின்றன. புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. சூலகம் சுருங்கி முட்டையிடுவது நிற்கிறது. கொண்டையின் சிவப்பு வெளுக்கிறது. நெஞ்சடி இறகுகள் உதிர்ந்து வெறும் தோல் முட்டையைத் தொடுகிறது. உடம்புச் சூடு நேராக முட்டைக்குள் இறங்குவதற்கான ஏற்பாடு அது.

அடைக்கோழியின் அடியில் ஒருமுறை கையை விட்டவர்களுக்கு அந்தச் சூடு மறக்காது. கோழி உடம்பைத் தட்டையாகப் பரப்பி, கழுத்து முடியைச் சிலிர்த்துக்கொண்டு தொண்டைக்குள்ளேயே உறுமும். சற்று நேரம் அசையாமல் இருந்தால், அலகின் அடிப்பாகத்தால் ஓரத்து முட்டையை நெஞ்சுக்கு அடியில் இழுத்து, நடுவில் இருந்ததை வெளியே தள்ளுவதைப் பார்க்கலாம். எல்லா முட்டைக்கும் சூடு சமமாகக் கிடைப்பதும், கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதும் இந்தப் புரட்டலால்தான். நாளுக்கு ஒரு தடவை எழுந்து வரும். தேக்கி வைத்த எச்சத்தை ஒரே குவியலாக, நாற்றம் தாங்காத அளவுக்குப் போடும். அவசர அவசரமாகத் தீனி பொறுக்கி, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டுவிட்டு, கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் திரும்பிவிடும். இப்படி இறங்கி வந்து போகும் கோழிக்கு நோயில்லை. இறங்கவே இல்லையென்றால் மெதுவாகத் தூக்கி வெளியே விட வேண்டியதுதான்.

எல்லாக் கோழியும் அடைக்கு உட்காராது. நாமக்கல் பண்ணைகளில் இருக்கும் வெள்ளை லெக்ஹார்ன் வழிக் கோழிகளுக்கு, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தே அந்தக் குணத்தை ஒழித்துவிட்டார்கள். அவை ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகின்றன. அடை காக்கும் வேலையை அங்கே குஞ்சு பொரிக்கும் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. நாட்டுக்கோழியின் கணக்கு வேறு. 12 முதல் 15 முட்டை இட்டு முடிக்க ஏறக்குறைய 20 நாள், அடையில் 21 நாள், குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிய இரண்டு, இரண்டரை மாதம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு மாதம் ஆகிறது. ஆண்டுக்கு மூன்று சுற்று வந்தாலே பெரிது. அதனால், கோழி ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அந்தச் சுற்று குஞ்சுக்கா, முட்டைக்கா என்று வளர்ப்பவர் தீர்மானித்தாக வேண்டும்.

வைப்பதென்று முடிவு செய்தால்

முதலில் கோழியைச் சோதிக்க வேண்டும். இரண்டு இரவு அதன் அடியில் ஒன்றிரண்டு கூமுட்டையை விட்டுப் பார்ப்பது பழைய முறை. இருட்டிய பிறகும் அங்கேயே கிடந்தால் நம்பலாம். சிறுவிடைக் கோழிகள் அடைக்குப் பேர்போனவை. உடம்பு லேசு, பொறுமை அதிகம். அசில் வழிவந்த பெருவிடைகளும் விடாப்பிடியாக உட்காரும், குஞ்சைக் காக்கக் கீரியோடும் மல்லுக்கு நிற்கும். ஆனால் கனமான உடம்பு. கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று பழமொழி கேட்கிறது. கூடை குறுகலாகவும் குழிவாகவும் இருந்தால் பெருவிடை மிதித்து முட்டையும் உடையும், குஞ்சும் சாகும். அதற்கு அகலமான கூடை வேண்டும்.

முட்டை சேவல் சேர்ந்த முட்டையாகவும், இட்டு ஏழு நாளுக்கு மேல் ஆகாததாகவும் இருக்க வேண்டும். கோடையில் மூன்று, நான்கு நாளுக்கு மேல் வைத்திருந்தால் கரு கெட ஆரம்பிக்கும். ஈரமணலில் வைத்த மண்பானைக்குள், கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கினால் குளிர்ச்சியாக இருக்கும். முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே இறங்கும். ஒரு நடுத்தரக் கோழிக்கு 10, 12 முட்டை போதும். ஆசைப்பட்டு 18 வைத்தால் எப்போதும் நாலைந்து வெளியே ஆறிக்கொண்டிருக்கும். கோழி புரட்டப் புரட்ட அந்த நாலைந்தும் மாறிக்கொண்டே இருப்பதால், கெடுவது நாலைந்தோடு நிற்காது.

முட்டைகளை ஒரே நாளில், இரவில் வையுங்கள். தனித்தனி நாளில் இட்ட முட்டைகள் ஒரே நாளில் பொரிவதற்குக் காரணம், தொடர்ந்த சூடு கிடைத்த பிறகுதான் கரு வளரத் தொடங்குகிறது என்பதே. நடுவில் வேறொரு கோழி வந்து அந்தக் கூடையில் முட்டையிட்டுப் போனால் இந்த ஒழுங்கு குலையும். முதல் குஞ்சுகள் வந்ததும் தாய் எழுந்துவிடும், பிந்திய முட்டைகள் பாதி வளர்ச்சியில் செத்துப்போகும். வைத்த முட்டைகள் மேல் கரித்துண்டாலோ பென்சிலாலோ கோடு போட்டுவிட்டால், கோடில்லாத முட்டையை அன்றன்றே எடுத்துவிடலாம்.

கூடைக்குள் மணலோ உமியோ, மேலே வைக்கோல். இடி முட்டையைக் கெடுத்துவிடும் என்று இரும்புத் துண்டும் கரியும் போடுவது வழக்கம். போடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் அடியில் பரப்பும் வேப்பிலைக்கும் நொச்சிக்கும் உண்மையிலேயே வேலை இருக்கிறது. ஒரே இடத்தில் அசையாமல் இருக்கும் கோழிக்குச் செல் பிடிப்பது எளிது. ராத்திரி முழுக்கச் செல் அரித்தால் எவ்வளவு நல்ல அடைக்கோழியும் கூடையை விட்டு எழுந்து போய்விடும். பக்கத்திலேயே சாம்பல் கலந்த புழுதி மண் ஒரு தொட்டியில் இருக்கட்டும்.

ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல ரத்த நாளங்கள் தெரிந்தால் கரு வளர்கிறது. கண்ணாடிபோல வெறுமையாகத் தெரிவதை எடுத்துவிடலாம். 21-ஆம் நாள் ஓட்டில் கீறல் விழுந்த பிறகு குஞ்சு வெளியே வரச் சில நேரம் ஒரு நாள்கூட ஆகும். பாவமாக இருக்கிறதென்று ஓட்டை உரித்துவிட்டால் ரத்தம் கசிந்து குஞ்சு இறந்துபோகலாம். மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்பட்டிருப்பதால் முதலில் வந்த குஞ்சுகள் இரண்டு நாள்வரை தீனியில்லாமல் தாங்கும், உடன்பிறப்புகள் வரும்வரை காத்திருக்கும்.

தெளிய வைப்பதென்றால்

சேவல் இல்லை, கடும் கோடை, குஞ்சு வளர்க்க இடமில்லை. எந்தக் காரணமானாலும் சரி, வேண்டாம் என்றால் முதல் இரண்டு நாளுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். உட்கார்ந்த நாள் கூடக் கூடத் தெளியும் நாளும் கூடும்.

தண்ணீரில் முக்குவது, மூக்குத் துளையில் இறகைச் செருகுவது, காலைக் கட்டி வெயிலில் போடுவது என்று ஊருக்கு ஊர் ஒரு வைத்தியம் உண்டு. இறகு செருகுவதால் மூச்சுக்கும் தீனிக்கும் இடைஞ்சல்தான். குளிர்காலத்தில் முக்கியெடுத்தால் சளி பிடிக்கும். இவை ஓரளவு பலித்ததாகத் தெரிவதற்குக் காரணம், கோழி கூட்டை விட்டுப் பிரிந்திருந்ததும் நெஞ்சடிச் சூடு தணிந்ததுமே. அதையே வதைக்காமல் செய்ய வழி இருக்கிறது. கம்பிவலை அடித்தளம் கொண்ட ஒரு கூண்டை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வைக்கோல், சாக்கு எதுவும் உள்ளே கூடாது. நிழலும் வெளிச்சமும் காற்றும் உள்ள இடம் வேண்டும். தீனியும் தண்ணீரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். அடியில் காற்று ஓடுவதால் நெஞ்சு குளிரும், பதுங்க இருட்டும் இல்லை. மூன்று, நான்கு நாளில் வெளியே விட்டால் நேராகக் குப்பைமேட்டுக்கு ஓடும். கூடைக்கே ஓடினால் இன்னும் இரண்டு நாள். தெளிந்த கோழி ஓரிரு வாரத்தில் கொண்டை சிவந்து மறுபடி முட்டைக்கு வரும்.

தினமும் முட்டையை எடுத்துவிடுவதே அடை அடிக்கடி வராமல் தடுக்கும் எளிய வழி. இடம் மாறிப் போகாமலிருக்க ஒரு முட்டையை மட்டும் விட்டுவைப்பார்கள். அதிலும் ஏதாவது அடையாளம் இருக்கட்டும்.

கூட்டத்துக்குள் ஒரு வரிசை

கோழிகள் கண்மூடித்தனமாகக் கொத்திக்கொள்வதில்லை. யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்து வந்த நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே 1921-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதை விவரித்தார். வரிசை ஒருமுறை முடிவாகிவிட்டால் சண்டை குறைந்துவிடும். மேலே இருக்கும் கோழி தலையைத் தூக்கிப் பார்த்தாலே போதும், கீழே இருப்பது விலகிக்கொள்ளும். தீனித்தட்டைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் யார் பெரியவர் என்று தெரிந்துவிடும்.

ஒரு கோழியைச் சேர்த்தாலும் பிரித்தாலும் இந்த வரிசை கலையும். அடைக்கோழி விஷயத்தில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். வீட்டுக்குப் பின்னால் தனி அறையில் 21 நாள் மறைத்து வைத்துவிட்டு, குஞ்சுகளோடு திடீரென்று கொண்டுவந்து விட்டால் கூட்டத்துக்கு அது வேற்றுக்கோழி. பழைய இடத்தை அது சண்டையிட்டே பிடிக்க வேண்டும். அந்தக் களேபரத்தில் அடிபடுவது குஞ்சு. அடைக்கூடையை மற்றவை நெருங்க முடியாதபடி, ஆனால் பார்க்கும்படி, வலைத் தடுப்புக்கு அந்தப்புறம் வைப்பதே சரி. குஞ்சுகளும் பிறந்ததிலிருந்து எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே வளரும். முதல் வாரம் பஞ்சாரத்துக்குள், பிறகு தாயோடு சற்று நேரம் வெளியே, பிறகு முழு நாள் என்று விட்டால் காகம், பூனை பயமும் குறையும்.

சந்தையில் வாங்கிய புதுக்கோழிக்கும் இதே முறைதான், ஒரு கூடுதல் எச்சரிக்கையோடு. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் பெரும்பாலும் புதுக்கோழியின் காலோடுதான் வீட்டுக்குள் நுழைகிறது. இரண்டு, மூன்று வாரம் தள்ளி வைத்து, நோயில்லை என்று தெரிந்த பின் வலைக்கு அந்தப்புறம் சில நாள் விட்டு, ஒரு நாள் கோழி அடைந்த பிறகு இருட்டில் கூட்டத்தோடு உட்கார வையுங்கள். தனியாக ஒன்றைச் சேர்ப்பதைவிட இரண்டாகச் சேர்த்தால் அடி பகிர்ந்து விழும். தீனித்தட்டும் தண்ணீர்ச் சட்டியும் இரண்டு இடத்தில் வைத்தால், கீழ்வரிசைக் கோழியும் வயிறு நிறையச் சாப்பிடும். நாலைந்து கோழிக்கு ஒரு முட்டைக் கூடை, எட்டுப் பத்துக் கோழிக்கு ஒரு சேவல். சேவல் கூடினால் பெட்டைகளின் முதுகில் இறகு இருக்காது.

ரத்தம் தெரிந்தால் மட்டும் வரிசை பார்த்துக் காத்திருக்கக் கூடாது. சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் அங்கேயே கொத்தும். காயம்பட்டதைப் பிரித்து, வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவி, ஆறும்வரை வலைக்கு அந்தப்புறம் வையுங்கள்.

குஞ்சோடு எத்தனை நாள்?

முதல் வாரங்களில் குஞ்சுக்குத் தாயின் சூடு தேவை. உடைத்த கம்பும் குருணையும் போதும், கூடவே கரையான் கிடைத்தால் புரதத்துக்குக் குறைவில்லை. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம் திணித்துத் தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் இடத்தில் இரவு கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் கூடியிருக்கும். ஏழாம் நாள் ராணிக்கெட் தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விட வேண்டும். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் வளர்ந்தவற்றுக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இறகு முளைத்துக் குஞ்சு தானே பொறுக்கத் தொடங்கும் ஆறு, எட்டு வாரத்தில் தாயைப் பிரித்துவிட்டால் அது சீக்கிரம் முட்டைக்குத் திரும்பும், ஆண்டில் ஒரு சுற்று கூடவும் வாய்ப்புண்டு. தாயே கொத்தி விரட்டும்வரை விட்டால் குஞ்சுகள் திடமாக வளரும், முட்டை குறையும். இதிலும் எது வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

சுவரில் தொங்கும் காலண்டரே இதற்குப் போதும். கோழியை அடைக்கு வைத்த தேதியைக் குறியுங்கள். அதிலிருந்து ஏழாம் நாள் டார்ச், 21-ஆம் நாள் குஞ்சு. வேண்டாமென்றால், கூண்டில் விட்ட தேதியிலிருந்து நான்காம் நாள் அதைத் திறப்பது. எந்தக் கோழி எத்தனை வைத்து எத்தனை பொரித்தது, எத்தனையைக் காப்பாற்றியது என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை எதை அடைக்கு வைப்பது, எதைத் தெளிய வைப்பது என்பதற்கு அந்தக் குறிப்பே பதில் சொல்லும்.