நெற்றிப் புடைப்பும் காதோரப் புடைப்பும்

கைக்குழந்தையைக் குளிப்பாட்டியதும் புனே பக்கத்துச் சிஞ்ச்வட் பாட்டிகள் அதன் உச்சியில் எண்ணெய் வைப்பார்கள். மராட்டியில் அதற்கு ‘டாளூ பரணே’ என்று பெயர், உச்சியை நிரப்புவது. அந்த இடத்தை நம் பாட்டிகள் உச்சிக்குழி என்பார்கள். லேசாக விரல் வைத்தால் துடிப்பது தெரியும். அங்கே எலும்பு இன்னும் கூடவில்லை. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் கூடிவிடும். (எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாட்டியிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.)

இப்படி மண்டை எலும்பு கூடாத குழந்தை கட்டிலிலிருந்து விழுந்தால், புடைப்பு எவ்வளவு பெரிசு என்றுதான் நாம் பார்க்கிறோம். மருத்துவர் அது எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்ப்பார். கொழுக்கட்டை மாதிரி நெற்றியில் வீங்கினாலும், குழந்தை சுறுசுறுப்பாக இருந்தால் பெரும்பாலும் தானே வற்றிவிடும். காதுக்கு மேலே கொழகொழவென்று வீங்கினால் அடியில் எலும்பு விரிசல் விட்டிருக்கலாம். அதைத் தேய்த்து அமுக்கவே கூடாது. அமெரிக்காவில் 42,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கவனித்து, யாருக்கு சி.டி. ஸ்கேன் வேண்டாம் என்று கண்டுபிடிக்க முயன்ற ஆய்வு 2009-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அது வகுத்த கேள்விகளில் புடைப்பின் இடமும் உண்டு. ‘பிள்ளை எப்போதும்போல இல்லை’ என்று பெற்றவர்கள் சொல்கிறார்களா என்பதும் உண்டு. அம்மாவின் பேச்சுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

மூன்று கிலோ பச்சைக்குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் ஏறக்குறைய 250 மில்லி, ஒரு டம்ளர். தலைத்தோலுக்கடியில் கசிவதே குழந்தையைச் சாய்த்துவிடலாம். மண்டைக்குள் கசிந்தாலோ, கூடாத எலும்பு கொஞ்சம் விரிந்துகொடுக்கும்; அதனால் அழுத்தம் ஏறுவது தாமதமாகத்தான் தெரியவரும். மறுபடி மறுபடி வாந்தி, பால் குடிக்காமை, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, புடைத்து இறுகிய உச்சிக்குழி: இதில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

விசித்திரமான ஒன்று உண்டு: வளரும் விரிசல். எலும்போடு மூளையுறையும் கிழிந்து விரிசலுக்குள் மாட்டிக்கொண்டால், எலும்பு சேர வழியில்லை. முதல் வருஷத்தில் மூளை இரண்டு மடங்காகிறது. அந்த வளர்ச்சியே விரிசலை மாதக்கணக்கில் அகட்டிக்கொண்டு போகும். லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹவ்ஷிப் 1816-இலேயே இதை எழுதியிருக்கிறார்.

மூளையில் பட்ட காயம் இன்னும் பொறுமையானது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்குத் திட்டமிட்டுச் செய்யும் வேலை எதுவும் இல்லை. அதனால், அந்த வேலையைப் பார்க்கும் மூளையின் முன்பகுதியில் குறை இருந்தாலும் தெரியாது. நாலாம் வகுப்பில் தெரியும். கவனமில்லை என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்புவார். கட்டிலிலிருந்து விழுந்ததை அதற்குள் வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள்.