பக்கத்தில் ஒரு படகு

2024 ஆகஸ்ட் 1. பிரான்சின் மார்சேய் கடலில் ஒலிம்பிக் பெண்கள் ஒற்றையர் பாய்மரப் படகுப் போட்டியின் முதல் பந்தயம் நடந்தது. 43 படகுகள் கிளம்பின. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் ஆறாவதாக எல்லைக்கோட்டைக் கடந்தார். அடுத்த நாட்களில் அந்த இடத்தை அவரால் தக்கவைக்க முடியவில்லை. எல்லாப் பந்தயங்களும் முடிந்தபோது அவருக்குக் கிடைத்தது 21ஆம் இடம். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் 35ஆவது.

கிரிக்கெட் ஸ்கோரை மூச்சுக்கு மூச்சு பேசும் ஊரில் இந்தச் செய்தி வந்த சுவடு தெரியாமல் போனது. 35லிருந்து 21க்கு வந்தது எவ்வளவு பெரிய ஏற்றம் என்று புரிய, அந்தச் சின்னப் படகுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

படகின் பெயர் இல்கா 6. முன்பு லேசர் ரேடியல் என்பார்கள். கனடாவின் புரூஸ் கெர்பி வடிவமைத்து, 1971இல் லேசர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த படகின் வழித்தோன்றல் இது. நீளம் 4.2 மீட்டர், உடற்பகுதியின் எடை 59 கிலோ, ஒரே ஒரு பாய், ஓட்டுவதற்கு ஒரே ஒரு ஆள். ஆண்கள் ஓட்டும் இல்கா 7இல் உடற்பகுதி இதேதான். பாய் மட்டும் பெரிது, அதைத் தாங்கும் பாய்மரத்தின் கீழ்த்துண்டும் வேறு. எல்லாருடைய படகும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒலிம்பிக்கில் போட்டி அமைப்பாளர்களே படகைக் கொடுத்துவிடுகிறார்கள். கார்ப் பந்தயத்தைப் போல நல்ல வண்டி செய்து ஜெயிக்க இங்கே வழியே இல்லை. மிச்சம் இருப்பவை ஓட்டுபவரின் உடலும் கண்ணும் கையும்தான்.

பந்தயத்தின் முதல் கட்டம் எப்போதும் எதிர்காற்றில். சுற்றி வரவேண்டிய முதல் மிதவையைக் காற்று வரும் திசையில்தான் போட்டிருப்பார்கள். காற்றால் ஓடும் படகு காற்றுக்கு எதிராக எப்படிப் போகும்? பின்னாலிருந்து வீசும் காற்று பாயைத் தள்ளும், படகு ஓடும். அது எல்லாருக்கும் தெரியும். எதிர்காற்றில் பாயின் வேலை வேறு. காற்று அதன் வளைவை ஒட்டித் திரும்பி ஓடுகிறது. வெளிப்புறத்தில் அழுத்தம் குறைகிறது, உட்புறத்தில் கூடுகிறது. விமானத்தைத் தூக்கும் அதே விசை இங்கே படகைப் பக்கவாட்டில் இழுக்கிறது. பெரும்பகுதி பக்கவாட்டில்தான், முன்னோக்கிக் கிடைப்பது கொஞ்சம். பக்கவாட்டு இழுப்புக்குப் படகு போய்விடாமல் நிறுத்துவது, நடுவிலுள்ள பிளவு வழியாக நீருக்குள் இறக்கும் பலகை. பாய் ஒரு பக்கம் இழுக்க, பலகை எதிர்ப்பக்கம் தாங்க, ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு முன்னே பாய்வது போலப் படகு முன்னே நழுவுகிறது. பாய் கட்டிய கட்டுமரங்களிலும் இதற்காகப் பக்கவாட்டில் பலகை இறக்குவார்கள். நம் கரையில் இந்த அறிவு புதிதல்ல.

ஆனாலும் நேராகக் காற்றின் முகத்துக்குள் போக முடியாது. ஏறத்தாழ 45 டிகிரி சாய்ந்து வலப்புறம் கொஞ்சம், பிறகு திரும்பி இடப்புறம் கொஞ்சம் என்று கோணல்மாணலாகத்தான் மிதவையை அடைய முடியும். எப்போது திரும்புவது என்ற முடிவில் பந்தயத்தின் பாதி அடங்கிவிடுகிறது.

அதைச் சொல்வதற்கு முன் உடலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பாயின் பக்கவாட்டு விசை படகைக் கவிழ்க்கப் பார்க்கும். அதைத் தடுக்க இருக்கும் ஒரே எடை ஓட்டுபவர்தான். படகின் உடற்பகுதியைவிட அவர் கனமாக இருப்பது வழக்கம். படகின் உள்ளே நீளவாக்கில் ஒரு பட்டை கட்டியிருக்கும். அதில் இரண்டு பாதங்களையும் கோத்துக்கொண்டு, தொடையின் பின்புறத்தை விளிம்பில் வைத்து, இடுப்புக்கு மேல் முழுவதையும் படகுக்கு வெளியே நீட்டிச் சாய வேண்டும். இதற்கு ஹைக்கிங் என்று பெயர். ஒரு கையில் சுக்கானின் நீட்டுக்கோல், இன்னொரு கையில் பாயின் கயிறு. அலை வரும்போதெல்லாம் மேலுடம்பை ஆட்டி எடையை முன்னும் பின்னும் மாற்ற வேண்டும். ஒரு பந்தயம் சுமார் 50 நிமிடம். ஒரே நாளில் இரண்டு மூன்று பந்தயம்.

சைக்கிள் மிதிக்கும்போது தொடைத்தசை சுருங்கும், தளரும். தளரும் ஒவ்வொரு முறையும் ரத்தம் உள்ளே பாயும். ஹைக்கிங்கில் தசை சுருங்கியபடியே நிற்கிறது. இறுகிய தசை தன் ரத்தக்குழாய்களையே நெரிக்கிறது. ஆக்சிஜன் வரத்து குறைய, லாக்டேட் சேர்ந்துகொண்டே போகிறது. உடல் செலவழிக்கும் ஆக்சிஜனுக்குப் பொருத்தமில்லாத அளவுக்கு இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. கரையிலிருந்து பார்த்தால் ஓர் ஆள் படகோரத்தில் சாய்ந்திருப்பதாகத்தான் தெரியும். தொடை எரிகிற எரிச்சலில் அரை அடி உள்ளே வந்தாலும் படகு சாயும், பாய் சக்தியை இழக்கும், பக்கத்துப் படகு முன்னே போய்விடும். விளிம்பு தொடையை அறுக்காமலிருக்க, பின்புறத்தில் விறைப்பான பட்டைகள் வைத்துத் தைத்த கால்சட்டை போட்டுக்கொள்கிறார்கள். கடலுக்குப் போகாத நேரத்தில் சைக்கிளிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் இருப்பதும் இதற்காகத்தான்.

காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 10 நாட் வேகத்தில் வீசிய காற்று 14 நாட் ஆனால், கூடியது நான்கு நாட்தான். பாயின் மேல் விழும் விசையோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆளின் எடை இரண்டு மடங்காக முடியாது. ஆகவே கயிறுகளை இழுத்து பாய்மரத்தை வளைத்துப் பாயைத் தட்டையாக்கி, வேண்டாத சக்தியைக் கழித்துவிட வேண்டும். எவ்வளவு கழிப்பது என்று எந்தக் கருவியும் சொல்லாது. பந்தயத்தில் ஜிபிஎஸ் கூடாது, பயிற்சியாளர் ஒரு சொல் பேசக் கூடாது. கடிகாரமும் திசைகாட்டியும் உண்டு.

இனி அந்தத் திரும்பும் முடிவு. காற்று ஒரே திசையிலிருந்து வீசுவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஐந்து டிகிரியோ பத்து டிகிரியோ இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டே இருக்கிறது. 100 மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு படகுகள் சமநிலையில் போவதாக வைத்துக்கொள்வோம். காற்று 10 டிகிரி வலப்புறம் திரும்புகிறது. அந்தக் கணமே வலப்புறப் படகு மற்றதைவிட 17 மீட்டர் முன்னே இருக்கும். நான்கு படகு நீளம். யாரும் வேகமாக ஓட்டவில்லை. ஒருவர் சரியான பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். சரியான பக்கம் எது என்று முன்கூட்டியே ஊகிப்பது குருட்டு அதிர்ஷ்டமும் அல்ல. வேகமான காற்று தொட்ட இடத்தில் நுண்ணலைகள் எழுந்து, வானத்தின் வெளிச்சம் சரியாகப் பிரதிபலிக்காமல் நீர் கருத்துத் தெரியும். நல்ல ஓட்டிகள் தொடை எரியும்போதே தலையைத் தூக்கி அந்தக் கருந்திட்டுகளைத் தேடுகிறார்கள்.

இன்னும் பெரிய கணக்கு கடற்காற்று. வெயிலில் நிலம் சூடேற, அதன் மேலுள்ள காற்று எழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. பூமி சுழல்வதால் வடகோளத்தில் இந்தக் காற்று பிற்பகல் ஏற ஏற வலப்புறமாகத் திரும்பும், தென்கோளத்தில் இடப்புறமாக. கரையின் வளைவும் பின்னாலுள்ள மலையும் இதில் தம் பங்குக்குக் குழப்பம் சேர்க்கும். உதாரணமாக, இந்தியாவுக்குப் பாரிஸ் ஒலிம்பிக்கின் முதல் பாய்மரப் படகு இடத்தைப் பெற்றுத் தந்தவர் விஷ்ணு சரவணன். வேலூரில் பிறந்த ராணுவ வீரர், அப்பாவும் ராணுவத்தில் படகு ஓட்டியவர். 2024 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியில் அந்த இடம் கிடைத்தது. வடகோளக் கடல்களில் பழகிய கண் அங்கே கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். மார்சேயில் கதை வேறு. வடமேற்கிலிருந்து மிஸ்ட்ரல் அறையலாம், அல்லது காற்றே இல்லாமல் போகலாம். பாரிஸ் ஒலிம்பிக்கின்போது காற்று வராமல் சில இறுதிப் பந்தயங்களைத் தள்ளிவைத்தார்கள். கரையில் சிவப்பு வெள்ளைப் பட்டைக் கொடி பறந்தால் காத்திருக்க வேண்டும் என்று பொருள். உடல் ஆறிவிடாமல், மனம் சலித்துவிடாமல் மணிக்கணக்கில் காத்திருப்பதும் இந்த விளையாட்டின் பயிற்சிதான்.

கிளம்புவது தனிக் கலை. நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கோடு. அதன் பின்னால் நாற்பது படகுகள் நெருக்கியடித்து நிற்கும். ஐந்து நிமிடம், நான்கு, ஒன்று என்று ஒலியும் கொடியும் எண்ணிக்கொண்டு வரும். பிரேக் இல்லாத படகைக் காற்றிலும் அலையிலும் ஒரே இடத்தில் நிறுத்திவைத்து, கடைசி நொடிகளில் வேகம் பிடிக்க வேண்டும். தாமதித்தால் முன்னே போகும் படகுகள் கலைத்துவிட்ட காற்றுதான் கிடைக்கும். கறுப்புக் கொடி ஏறிய தொடக்கத்தில் முந்திவிட்டால் அந்தப் பந்தயமே போச்சு. முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2 என்று போகும் முறையில் குறைந்த புள்ளிதான் வெல்லும். 43 பேர் ஓடும் போட்டியில் தகுதியிழந்தவருக்கு 44 புள்ளி. மோசமான ஒரு பந்தயத்தைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். இரண்டாவது மோசத்துக்கு மன்னிப்பில்லை.

இத்தனைக்கும் அடியில் வேகம் என்று ஒன்று இருக்கிறது. எதிர்காற்றில் இல்கா மணிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் போகும். நாம் மெதுவாக ஓடும் வேகம். இதில் நூற்றில் ஒரு பங்கு கூடினால் நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர்தான். 20 நிமிடத்தில் அது சுமார் 27 மீட்டர், ஆறு படகு நீளம். பதக்கத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் நடுவே இப்படிப்பட்ட ஒற்றை விழுக்காடுகள்தான் இருக்கின்றன.

அந்த ஒரு விழுக்காட்டை எப்படி அளப்பது? இந்த விளையாட்டில் இருப்பவரின் வாழ்க்கையையே தீர்மானிப்பது இந்தக் கேள்விதான் என்பது என் எண்ணம். காற்று நொடிக்கு நொடி மாறுகிறது. இப்போது வேகம் கூடியது நான் கயிற்றை இழுத்ததாலா, காற்று கூடியதாலா? தனியாக ஓட்டினால் தெரியவே தெரியாது. கருவி வைத்து அளந்தாலும் இரண்டையும் பிரிப்பது கடினம். நல்ல வழி, சில படகு நீளம் தள்ளி இன்னொரு படகு இணையாக வரவேண்டும். இருவருக்கும் அதே காற்று, அதே அலை. ஒருவர் எதையும் மாற்றாமல் ஓட்ட, மற்றவர் ஒரே ஒரு கயிற்றை ஒரு விரற்கடை மாற்றிப் பார்க்கிறார். யார் முன்னே போகிறார்? மறுபடி நின்று, வரிசைப்படுத்தி, மறுபடி. ஆய்வகத்தில் ஒப்பீட்டுக் குழு வைத்துச் செய்யும் சோதனைதான் இது. பக்கத்துப் படகுதான் அளவுகோல். அளவுகோல் கோணலாக இருந்தால் அளவும் கோணல்; எனவே பக்கத்தில் ஓட்டுபவர் நம்மைவிடத் தேர்ந்தவராக இருக்க வேண்டும்.

நேத்ரா ஏன் ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவில் தங்கி, ஹங்கேரியப் பயிற்சியாளர் தமாஸ் எசேஸிடம் பயின்றார் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. அங்கே வணிகக் காற்று தவறாமல் வீசும், குளிர்காலம் இதமாக இருக்கும். அதனால் பல நாட்டு ஒலிம்பிக் ஓட்டிகள் அங்கே கூடுகிறார்கள். காற்று நம் ஊரிலும் உண்டு. அந்தக் கூட்டம்தான் இல்லை. 2020 ஜனவரியில் மியாமியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் நேத்ரா வெண்கலம் வென்றார். பாய்மரப் படகு உலகக் கோப்பையில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண். 2021 ஏப்ரலில் ஓமானின் முசன்னாவில் டோக்கியோவுக்குத் தகுதி, 2024 ஏப்ரலில் பிரான்சின் இயேர் நகரில் கடைசி வாய்ப்புப் போட்டியில் பாரிஸுக்குத் தகுதி. இந்த ஊர்ப் பெயர்களுக்கு நடுவே விமான நிலையங்கள், வாடகை வீடுகள், விசா வரிசைகள், வீட்டை விட்டு விலகியிருக்கும் மாதங்கள். இருபதுகளின் பெரும்பகுதி இப்படிக் கழிகிறது.

கடல் இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2023 ஆசிய விளையாட்டில் சிறுமியருக்கான இல்கா 4 பிரிவில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர், கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்துப் பெண். போபால் ஏரியிலுள்ள தேசியப் பாய்மரப் படகுப் பள்ளியில் பயின்றவர். ஏரியாக இருந்தாலும் பக்கத்தில் ஓட்ட ஆள் இருந்தால் பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள்.

சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இருக்கிறது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடைப் பயிற்சியில்தான் நேத்ரா 2009இல் முதன்முதலில் படகேறினார். டோக்கியோவில் இருவர் படகில் ஓடிய கே.சி.கணபதியும் வருண் தக்கரும் சென்னைக்காரர்கள்தான். பிள்ளைகள் ஆப்டிமிஸ்ட் என்ற குட்டிப் படகில் தொடங்கி, 15 வயதைத் தாண்டியதும் அதை விட்டுவிட வேண்டும். அந்த வயதில் பெரிய படகுக்கு மாறும்போது பக்கத்தில் யாரும் இல்லையென்றால், வசதியுள்ள குடும்பம் வெளிநாட்டுக்கு அனுப்பும். மற்ற வீடுகளில் படகு அத்தோடு முடிந்துவிடும்.

இதற்கு வழி படகிலேயே இருக்கிறது. இல்கா 4, 6, 7 மூன்றுக்கும் உடற்பகுதி ஒன்றே. பாய்மரத்தின் கீழ்த்துண்டையும் பாயையும் மாற்றினால் 14 வயதுச் சிறுமியின் படகு ஒலிம்பிக் படகாகிவிடும். ஒரு துறைமுகத்தில் இப்படி இருபது உடற்பகுதிகளும் மூன்று அளவுப் பாய்களும் வாங்கிப் போட்டு, ஆண்டு முழுவதும் பிற்பகல்களில் ஒன்றாக இறக்கினால், பள்ளிப் பிள்ளைகளும் ராணுவ வீரர்களும் ஒரே காற்றில் ஒரே பயிற்சியில் ஓட்டலாம். மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு அதில் பாதியை ஒதுக்க வேண்டும். கருத்த நீரைப் பார்த்துக் காற்றைச் சொல்லும் பெரியவர்கள் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.